கட்டிக்குள் சூட்டை அனுப்பும் கணக்கு

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் பசியாறும்போது, முன்பு பால்மரம் வெட்டிய அண்ணன் ஒருவர் கேட்டார்: "புற்றுநோய்க் கட்டிக்கு மைக்ரோவேவ் வைக்கிறாங்களாமே தம்பி, ஆளு வெந்துட மாட்டாரா?"

நியாயமான கேள்விதான். மைக்ரோவேவில் சுடவைத்த நேற்றைய சாம்பார் ஓரத்தில் கொதிக்கும், நடுவில் ஜில்லென்று இருக்கும். உடம்பில் அப்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் சிகிச்சைக்கு முன்பே அத்தனை கணக்கும் போடுகிறார்கள்.

கல்லீரல் கட்டிக்குள் ஊசி ஆன்டெனாவைச் செருகி, 60 டிகிரிக்கு மேல் சூடேற்றி வேகவைத்துவிடும் முறை ஒன்று உண்டு. அது வேறு. நான் சொல்வது, கட்டியை 40 முதல் 43 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் போல வைத்திருப்பது. இந்தச் சூடு தனியாகப் பெரிதாய் ஒன்றும் செய்துவிடாது. கதிர்வீச்சோடு சேர்ந்தால்தான் அதன் பலம் தெரியும். முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றி 2000இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டு தாண்டியவர்கள் 27 விழுக்காடு. சூடும் சேர்த்துப் பெற்றவர்களில் 51.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில் சி.டி. ஸ்கேன். அதில் தசை எது, கொழுப்பு எது, எலும்பு எது, கட்டி எது என்று பிரித்துக் கோடு போடுகிறார்கள். தசையில் நீர் அதிகம், அலையை நன்றாக உறிஞ்சும். கொழுப்பு அவ்வளவு உறிஞ்சாது. சமையலறை அடுப்பின் 2450 மெகாஹெர்ட்ஸ் அலை, தசைக்குள் இரண்டு சென்டிமீட்டர் போவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆழமான கட்டிக்கு அலைவரிசையைக் குறைத்தாக வேண்டும். தலை, கழுத்துக் கட்டிகளுக்கு 434 மெகாஹெர்ட்ஸ் பயன்படுகிறது. சுற்றிலும் பல ஆன்டெனாக்களை வைத்து, ஒவ்வொன்றின் வலிமையையும் அலை புறப்படும் நேரத்தையும் கணினியில் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கட்டி இருக்கும் இடத்தில் அலைகள் ஒன்றுகூடிப் பலக்க வேண்டும், மற்ற இடங்களில் ஒன்றையொன்று அழிக்க வேண்டும்.

இதுவரை எல்லாம் இயற்பியல், ஓரளவு சொன்னபடி கேட்கும். தலைவலி கொடுப்பது ரத்தம். சூடேறியதும் நல்ல தசையில் ரத்தநாளங்கள் விரிந்து, வந்த சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். ஹாரி பென்னஸ் என்ற ஆய்வாளர் 1948இல் தந்த சமன்பாட்டை வைத்துத்தான் இன்றும் பலர் இதைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் ரத்த ஓட்டம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே அந்த ஒரு மணி நேரத்துக்குள் மாறும்.

அதனால் திட்டத்தை மட்டும் நம்பி யாரும் இருப்பதில்லை. தோலின்மேல் தண்ணீர்ப் பை வைப்பார்கள். அது தோலைக் குளிர்விக்கும், அலை உள்ளே இறங்கவும் உதவும். கட்டிக்குள்ளோ பக்கத்திலோ மெல்லிய வெப்பமானி இருக்கும். அப்புறம் நோயாளியின் வாய். மயக்க மருந்து கொடுக்காமல் விழிப்பில் வைத்திருந்தால், "இங்கே சுடுது" என்று அவர் சொன்னதுமே அந்தப் பக்கத்துச் சூட்டைக் குறைத்து, கணக்கை அங்கேயே மறுபடி போட முடியும்.