மன அழுத்த மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

திருப்பூர் பின்னலாடை கம்பெனி ஒன்றில் தையல் பிரிவுத் தொழிலாளியிடம் பத்துக் கேள்விகள் கேட்டு, ‘மன அழுத்தம்: 40-க்கு 23’ என்று ஆய்வு மாணவர் குறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 23-இல் அவருடைய உண்மையான அழுத்தமும் இருக்கிறது. கேள்வி பாதி புரிந்ததும், சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றதும், பதிலைக் குறித்தவரின் ஊகமும் இருக்கின்றன. பலருடைய மதிப்பெண்களில் தெரியும் ஏற்ற இறக்கத்தில், ஆட்களுக்கு இடையே நிஜமாகவே உள்ள வேறுபாட்டின் பங்கைத்தான் நம்பகத்தன்மை என்கிறோம். 0.80 என்றால் 80 விழுக்காடு நிஜ வேறுபாடு, மீதி 20 பிழை.

‘இக்கருவியின் நம்பகத்தன்மை 0.85 என நிறுவப்பட்டுள்ளது’ என்று எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடும் ஆய்வேடுகள் உண்டு. அது தவறு. பரவலாகப் பயன்படும் மன அழுத்த அளவுகோலை ஷெல்டன் கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் வெளியிட்டபோது, சோதித்தது அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடமும் புகைப்பழக்கத்தை விட வந்தவர்களிடமும். அந்த எண் அவர்கள் தந்த பதில்களுக்குச் சொந்தம். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் டெய்லரின் பதிலுக்கு அது உத்தரவாதம் ஆகாது. நம் ஆட்களிடம் வாங்கிய தரவிலேயே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்ப்பது, கேள்விகள் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்பதை. இதற்குத்தான் 1951-இல் உளவியலாளர் க்ரோன்பாக் விளக்கிய ஆல்பா என்ற எண். அது 1-ஐ நெருங்க நெருங்க இசைவு கூடுதல். கோவைப் பஞ்சாலை ஆய்வகத்தில் நூல் கவுண்ட் (நூலின் மென்மை அளவு) பார்க்க, லீ எனப்படும் 120 கஜ நூல் ஒன்றை மட்டும் எடை போட்டு முடிவு சொல்ல மாட்டார்கள். பல கோன்களிலிருந்து எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். கேள்விகளும் அப்படித்தான். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை -1 முதல் 1 வரை காட்டுவது ஒட்டுறவு. கேள்விகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவு 0.3 என்றால், 5 கேள்விகளுக்கு ஆல்பா 0.68, 10-க்கு 0.81, 20-க்கு 0.90. அதற்காகக் கேள்விகளை ஏற்றிக்கொண்டே போனால் சாப்பாட்டு இடைவேளையில் அவசரமாகக் குறிக்கும் பதில்கள்தான் கிடைக்கும். ஆல்பா 0.95-ஐத் தாண்டினாலும் சந்தேகப்பட வேண்டும். ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி மாற்றிக் கேட்டிருக்கலாம்.

ஆல்பா 0.4 என்று வந்தால் உடனே கேள்விகளை நீக்கக் கூடாது. இந்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 4, 5, 7, 8 ஆகிய கேள்விகள் எதிர்த்திசையில் கேட்கப்படுபவை, அதாவது அழுத்தத்தை அல்ல, நல்லபடி நடப்பதைக் கேட்பவை. அங்கே 4-இலிருந்து பதிலைக் கழித்துத்தான் கூட்ட வேண்டும். மறந்துவிட்டால் அந்த நான்கு கேள்விகளுக்கும் மீதிக் கேள்விகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவு எதிர்மறையாக வரும். திருத்திய பிறகும் அவை இசையவில்லை என்றால் கோளாறு பதில் வாங்கிய இடத்தில் இருக்கலாம்.

“போன மாசம் நெனச்ச காரியம் நெனச்சபடி நடந்துச்சுங்களா?”

“பரவால்லீங்க, ஓடுதுங்க.”

இந்தப் பதிலுக்கு ஒருவர் 2 போடுவார், இன்னொருவர் 3 போடுவார். கேட்பவர் படித்தவர் என்ற மரியாதையில் எல்லாவற்றுக்கும் “ஆமாங்க” என்பவர்களும் உண்டு. நேர்க்கேள்விக்கும் எதிர்க்கேள்விக்கும் அதே பதில் வந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். ஐந்து பதில்களையும் பெரிய எழுத்தில் அட்டையில் அச்சிட்டு, அவரையே விரலால் காட்டச் சொல்லுங்கள். ‘எப்போதாவது’, ‘சில சமயம்’ இரண்டில் எது அதிகம் என்பதில் ஆளுக்கு ஆள் குழப்பம் வரும். எண்களையும் சேர்த்தே அச்சிடுங்கள். தமிழாக்கத்தை இருவர் தனித்தனியே செய்து ஒப்பிட்டு, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். பிறகு எட்டுப் பத்துத் தொழிலாளர்களிடம், ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று அவர்கள் வார்த்தையில் சொல்லச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பல பிழைகள் பிடிபடுவது இங்கேதான்.

அடுத்தது மறுசோதனை. அதே ஆட்களிடம் இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகள். நாளைப் பார்த்து வைக்க வேண்டும். முதல் சுற்று ஷிப்மென்ட் நெருக்கடியிலும் அடுத்த சுற்று சம்பளச் சனிக்கிழமையிலும் விழுந்தால், மாறியது கருவியா மனசா என்று பிரிக்க முடியாது. சாதாரண ஒட்டுறவும் இங்கே போதாது. எல்லாருக்கும் 3 மதிப்பெண் கூடியிருந்தாலும் அது 1 என்றே காட்டும். முழு உடன்பாட்டைப் பார்க்கும் உள்வகுப்பு ஒட்டுறவைக் கணக்கிட வேண்டும்.

நம்பகத்தன்மை குறைந்தால் என்ன நஷ்டம்? உளவியலாளர் ஸ்பியர்மன் 1904-லேயே கணக்குச் சொல்லிவிட்டார். அழுத்தத்துக்கும் தூக்கக்குறைவுக்கும் நிஜ ஒட்டுறவு 0.5, இரு கருவிகளின் நம்பகத்தன்மை 0.81, 0.64 என்று கொண்டால், கண்ணுக்குத் தெரிவது 0.36 மட்டுமே. 80 விழுக்காடு வாய்ப்போடு அதைக் கண்டுபிடிக்க 29 பேருக்குப் பதில் 58 பேர் வேண்டும். தனி ஆளுக்கும் இதே சிக்கல். திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து விலகிப் பரவும் அளவு) 6, நம்பகத்தன்மை 0.81 என்றால் அளவீட்டுப் பிழை ஏறக்குறைய 2.6, ஒருவருடைய மதிப்பெண் 7-க்கு மேல் குறைந்தால்தான் மாற்றம் நிஜம் என்று துணிந்து சொல்லலாம். ஆலோசனைக்குப் பின் 5 குறைந்ததை வைத்து அவர் தேறிவிட்டார் என்று எழுதுவது அநியாயம்.

100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவம் (தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவான முடிவு) காட்டியிருந்தன. மறு ஆய்வில் அது 36 விழுக்காடு. மிகக் குறைவான ஆட்களை வைத்து ஆய்வு செய்வதும், முடிவைப் பார்த்தபின் கணக்கிடும் முறையை மாற்றுவதும் இத்தகைய சரிவுக்கு முக்கியக் காரணங்கள். அதனால் எத்தனை பேர், எந்தப் படிவத்தைத் தள்ளுவது, எந்தக் கணக்கு என்பதைத் தரவு வாங்கும் முன்பே திறந்த அறிவியல் தளமொன்றில் தேதியோடு பதிந்துவிட வேண்டும்.

முடிந்தபின் கேள்விவாரியான தரவையும் வெளியிடலாம். பெயரை எடுத்தால் மட்டும் போதாது. வயது, பிரிவு, சொந்த ஊர் மூன்றும் சேர்ந்தால் சிறிய கம்பெனியில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வயதைப் பத்தாண்டு வகுப்பாக்கி, ஊரை நீக்கிவிடுங்கள். சொன்னது முதலாளி காதுக்குப் போனது என்று ஒருமுறை தெரிந்தால், அடுத்த முறை அந்த லைனில் எல்லாரும் பூஜ்ஜியத்தில்தான் விரலை வைப்பார்கள்.