சப்ளை: வழங்கலா, அளிப்பா, நிரம்பலா?

ஒரு நாட்டின் கரும்புக் கணக்கை 1961 முதல் ஆண்டுவாரியாகக் கோடிழுத்துக் காட்டும் படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. தலைப்பு ஏறக்குறைய ஒன்றேதான்: ‘கரும்பு – உணவு வழங்கல், தலைக்கு ஆண்டுக்கு இத்தனை கிலோ’. கோடு இறங்கியிருந்தால் மக்கள் கரும்பை மறந்துவிட்டார்கள் என்று எழுதுகிறோம். ஏறியிருந்தால் இனிப்பு மோகம் என்கிறோம். இரண்டுமே பெரும்பாலும் தப்பு. அந்தத் தப்பில் பாதிப் பங்கு, ‘சப்ளை’க்கு நாம் வைத்த ‘வழங்கல்’ என்ற சொல்லுக்கு உண்டு.

சொல்லின் வேரிலிருந்து வருவோம். ஆங்கிலத்தின் ‘சப்ளை’ பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. மூலச்சொல் ‘சப்ளேரே’, குறைந்ததை நிரப்புதல், முழுமையாக்குதல் என்று பொருள். அதில் கொடுப்பவர் முக்கியமில்லை, குறை நிரம்பியதா என்பதே முக்கியம்.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. அரசு அலுவலக வழக்கில் வழங்கல்: குடிநீர் வழங்கல், குடிமைப் பொருள் வழங்கல். தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூல்களில் அளிப்பு. தேவையும் அளிப்பும் என்று சேர்த்தே படித்திருப்போம். இலங்கைப் பாடநூல்களில் கேள்வியும் நிரம்பலும். ‘நிரம்பல்’ என்று முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. லத்தீன் வேரைப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது; மூன்றில் மூலத்துக்கு மிக நெருக்கமாக நிற்பது அதுதான். (இதில் ஒரு வேடிக்கை: திருக்குறளில் ‘நிரப்பு’ என்றால் வறுமை. நெருப்பில்கூடத் தூங்கலாம், நிரப்பில் கண்மூட முடியாது என்கிறது நல்குரவு அதிகாரம்.)

இனி, அந்தப் படத்தில் சப்ளை என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். எண்கள் வருவது ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு நாடுதோறும் தொகுக்கும் உணவு ஐந்தொகையிலிருந்து. வரவுப் பக்கத்தில் விளைச்சலும் இறக்குமதியும். ஏற்றுமதியைக் கழித்து, கையிருப்பு ஏறி இறங்கியதையும் சரிக்கட்டினால் வருவது உள்நாட்டு சப்ளை. அதிலிருந்து விதைக்கும் தீவனத்துக்கும் ஆலைக்கும் பிற பயனுக்கும் போனதையும், வழியில் சேதாரமானதையும் கழித்தால் நிற்பது ‘உணவு’. அதை மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு இத்தனை கிலோ. வீடு வீடாகப் போய் யார் எவ்வளவு கடித்தார்கள் என்று கேட்டு எழுதிய எண் அல்ல இது. அடிப்படையில் ஒரு கழித்தல் கணக்கு. வீட்டுக்கு வந்தபின் வீணானதும் இதற்குள்தான் அடக்கம்.

கரும்பில் இந்தக் கணக்கு விசித்திரமாக நடந்துகொள்ளும். வெட்டிய கரும்பை வைத்திருக்க முடியாது. நாள் போகப் போக அதிலுள்ள சர்க்கரை சிதைந்துவிடும். ஆகவே கையிருப்பும் கிடையாது, கப்பலேற்றி விற்பதும் இல்லை என்றே சொல்லலாம். விளைந்ததெல்லாம் அந்த நாட்டுக்குள்ளேயே, அதுவும் சீக்கிரமே, கணக்குப் பட்டியலின் ஏதாவது ஒரு பத்தியில் விழுந்தாக வேண்டும். பெரும்பகுதி விழுவது ஆலைப் பத்தியில். (ஆலை என்ற சொல்லே முதலில் கரும்பு பிழியும் பொறியைத்தான் குறித்தது. பஞ்சாலை, அரிசி ஆலை எல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டவை.) அங்கே சர்க்கரையாக மாறியது ‘சர்க்கரை’ என்ற வேறு வரியில் போய் உட்காரும். கரும்பு வரியின் உணவுப் பத்தியில் எஞ்சுவது கடித்துத் தின்பதும் சாறாகக் குடிப்பதும்தான்.

ஒரு கற்பனை நாட்டை வைத்துப் பார்க்கலாம். விளைச்சல் 100 லட்சம் டன். ஆலைக்கு 88, விதைக்கரணைக்கு 5, சேதாரம் 3. மிச்சம் 4 லட்சம் டன், அதாவது 40 கோடி கிலோ. மக்கள் 2 கோடிப் பேர் என்றால் தலைக்கு 20 கிலோ. மறு ஆண்டு ஆலைக் கணக்கு 88-க்குப் பதில் 90 என்று பதிவாகிறது, மற்றவை அப்படியே. மிச்சம் 2 லட்சம். தலைக்கு 10 கிலோ. ஆலைப் பத்தி அசைந்தது நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை, உணவுக் கோடோ பாதியாகச் சரிந்துவிட்டது. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்தால் மிச்சம் இப்படித்தான் துள்ளும்.

எதிர்த்திசையிலும் இதே கதை. உலகிலேயே அதிகம் கரும்பு விளைவிக்கும் பிரேசில், 1975-இல் கரும்பிலிருந்து எரிசாராயம் எடுக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே விளைச்சல் பல மடங்கு பெருகியதற்கு அது ஒரு பெரிய காரணம். கூடுதலாக விளைந்ததில் கணிசமான பங்கு வண்டிக்கு எரிபொருளாகப் போனது. விளைச்சல் கோட்டை மட்டும் பார்த்து வாய்க்குப் போன அளவை ஊகிக்க முடியாது.

கோட்டில் திடீர் உடைப்பு தெரிந்தால் முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும். இந்த ஐந்தொகையில் இரண்டு தொடர்கள் உண்டு: பழைய முறையில் 1961 முதல் 2013 வரை, புதிய முறையில் 2010 முதல். கணக்கிடும் முறையும் மக்கள்தொகை எண்களும் இரண்டிலும் வேறு. ஒட்டுப்போட்டு ஒரே கோடாக வரைந்துவிட்டு, தையல் விழுந்த இடத்தைப் ‘போக்கு’ என்று அழைக்கக் கூடாது.

ஒரு நாட்டின் இனிப்பு வரலாறுதான் வேண்டுமென்றால் பார்க்க வேண்டியவை வேறு வரிகள். ஒன்று சர்க்கரை, பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து எடுத்ததும் அதில் கலந்திருக்கும். இன்னொன்று ‘சுழற்றிப் பிரிக்காத சர்க்கரை’ என்ற முரட்டுப் பெயரில் இருப்பது. பாகைப் பொறியில் வேகமாகச் சுழற்றி மொலாசஸ் என்னும் கழிவுப்பாகைப் பிரித்தால் வெள்ளைச் சர்க்கரை வகையறா; பிரிக்காமல் அப்படியே இறுக்கினால் இது. நமக்கு அதற்கு ஒரே சொல் போதும்: வெல்லம். மொழிபெயர்ப்பில் ‘மையவிலக்கற்ற சர்க்கரை’ என்று ஒருமுறை படித்தேன். வெல்லத்தின் அடையாளமே தெரியவில்லை.

சரி, படத்தின் தலைப்புக்கு எந்தச் சொல்? வழங்கல் என்றால் வழங்கும் கை ஒன்று மனதில் வந்துவிடுகிறது. ரேஷனில் குறைத்துக் கொடுத்ததுபோல் தொனிக்கும். அளிப்பு, இந்த விலைக்கு இவ்வளவு விற்கத் தயார் என்ற சந்தைப் பொருளில் ஊறிவிட்டது. நிரம்பல் வேருக்குப் பொருத்தம்தான், ஆனால் இலங்கைக்கு வெளியே விளக்கக் குறிப்பு போட வேண்டிவரும். ‘நுகர்வு’ கூடவே கூடாது, தின்றது அளக்கப்படவே இல்லை. என் கை போவது ‘கிடைப்பு’ என்பதற்கு. கொடுத்தவரையும் சொல்லாது, தின்றவரையும் சொல்லாது. தலைப்பை இப்படி எழுதலாம்: ‘ஆலைக்குப் போனது நீங்கலாக, நேரடி உணவுக்குக் கரும்புக் கிடைப்பு – தலைக்கு, கிலோவில், துப்பும் சக்கையின் எடை உட்பட’. நீளம்தான்.