கொம்பிரஷன்: சுருக்கமா, சிறிதாக்கலா?

"படத்தின்ர சைஸைக் குறைச்சுப் போடு தம்பி" என்று மட்டும்தான் சொன்னேன். முல்லைத்தீவுப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்காகப் பெரும்போக அறுவடைப் படங்களை இணையத்தில் போடவேண்டியிருந்தது. தம்பியும் குறைத்தான். தரம் என்று இருந்த அளவுகோலை 10க்கு இழுத்துவிட்டான். அகலம் அப்படியே 4000 பிக்சல், அதாவது 4000 படப்புள்ளி. வானம் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரிந்தது, நெற்கதிரெல்லாம் சின்னச் சின்னச் சதுரம். பிழை அவனில் இல்லை, நான் சொன்ன சொல்லில். சைஸ் என்றால் படத்தின் நீள அகலமும்தான், கோப்பின் பாரமும்தான். அவன் செய்தது கொம்பிரஷன், அதாவது கோப்பின் பாரத்தைக் குறைப்பது. நான் நினைத்தது படத்தின் நீள அகலத்தைக் குறைப்பது.

கொம்பிரஷன் இலத்தீனில் இருந்து வந்த சொல். 'கொம்' என்றால் சேர்த்து, 'பிரெமெரே' என்றால் அழுத்து. டயர் கடைக் கொம்பிரஷரும் அச்சுக்கூடத்துப் பிரஸ்ஸும் இதே குடும்பம். மாரி தொடங்கியதும் நாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற டிப்ரெஷனும் அப்படித்தான். அதற்கு நம் வானொலி சொல்கிற தமிழ் தாழமுக்கம். அப்படிப் பார்த்தால் கொம்பிரஷனுக்கு நேர்ச்சொல் அமுக்கம்தான். ஆனால் ஈழத்துப் பாடப்புத்தகத்தில் அமுக்கம் என்றால் பிரஷர். போதாததற்கு, காசை அமுக்கினவன் என்ற பேச்சும் இருக்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிடுவோம்.

பரவலாக வழங்குவது சுருக்கம். சுருங்கு தன்வினை, சுருக்கு பிறவினை. நெற்றியில் விழுவதும் சுருக்கம், கதையைக் குறுக்கிச் சொல்வதும் சுருக்கம், ஆச்சியின் சுருக்குப்பையும் அதே வேர். எனக்கு இந்தச் சொல்லோடு பகை இல்லை. ஒரு குறை மட்டும்: சுருக்குப்பையைத் திறந்தால் போட்ட காசு அத்தனையும் கிடைக்கும். பிஎன்ஜி வகைப் படம் அப்படித்தான், இழப்பில்லாச் சுருக்கம். ஜேபெக் வகைப் படம் அப்படியல்ல. அது குத்தின அரிசி, திரும்ப நெல்லாகாது.

ஜேபெக் 1992இல் தரநிலையாக ஏற்கப்பட்டது. அது படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கலவையாக எழுதிக்கொள்கிறது. நசீர் அகமதுவும் கூட்டாளிகளும் 1974இல் வெளியிட்ட கணக்குமுறை அது. பிறகு கண்ணுக்கு அதிகம் எட்டாத நுண்ணிய அலைகளை மட்டமாக வெட்டிவிடும். வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிக்கிற அளவுக்கு நிற வித்தியாசத்தை நம் கண் பிடிப்பதில்லை. அதனால் நிறத்தில் பெரும்பாலும் கூடுதலாகவே வெட்டு விழும். தரத்தை இறக்க இறக்க வெட்டு முரடாகும். கடைசியில் கட்டங்களின் ஓரமே வெளியே தெரியும். தம்பியின் படத்தில் வந்த சதுரங்கள் அவைதான்.

நான் கேட்டதற்குச் சரியான சொல் சிறிதாக்கல். 4000க்கு 3000 படத்தில் ஒன்றேகால் கோடிக்குக் கிட்டப் பிக்சல்கள். சுருக்காமல் வைத்தால் 36 மெகாபைட். அதையே 1600க்கு 1200 ஆக்கினால் பிக்சல் ஆறில் ஒரு பங்குக்குக் கிட்ட வந்துவிடும். போன் திரையில் பார்ப்பவருக்கு அது தாராளம். அதற்குப் பிறகு தர அளவுகோலை 80இல் வைத்துச் சுருக்கினால் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டில் முடியும். டேட்டா அட்டையை எண்ணி எண்ணிப் பாவிப்பவருக்கும் திறக்கும். இந்த 80 நூற்றுவீதம் அல்ல, மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிற ஓர் அளவுகோல். 90க்கு மேலே ஏற்றினால் பாரம் மளமளவென்று ஏறும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எழுத்து நிறைந்த அறிவித்தல் என்றால் ஜேபெக் வேண்டாம், எழுத்தோரம் அழுக்குப் படியும், பிஎன்ஜி போதும்.

ஆகவே என் பக்கம்: பிக்சலைக் குறைத்தால் சிறிதாக்கல், பைட்டைக் குறைத்தால் சுருக்கம். சைஸ் என்ற சொல்லை உடுப்புக் கடைக்கு விட்டுவிடலாம். அடுத்த முறை தம்பியிடம் இப்படிச் சொன்னேன்: "அகலத்தை 1600க்குச் சிறிதாக்கு, பிறகு 80இல ஒருக்காச் சுருக்கு. சுருக்கினதைத் திரும்பத் திரும்பச் சேமிக்காதை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். மூலப்படம் போனிலேயே கிடக்கட்டும்."