அப்லேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் எதுக்கு பயப்படணும், எதுக்கு பயப்படக்கூடாது

இதயத் துடிப்புக் கோளாறுக்கு அப்லேஷன் பண்ணிட்டு வீட்டுக்குப் போனவங்ககிட்ட இருந்து முதல் சில வாரத்துல வர்ற போன் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "டாக்டர், மறுபடியும் படபடன்னு அடிக்குது, பண்ணது ஃபெயில் ஆயிடுச்சா?" ஆனா கொஞ்ச நாள் கழிச்சு, நல்லாத்தானே இருக்கேன்னு ரத்தம் உறையாம இருக்க குடுத்த மாத்திரைய அவங்களே நிறுத்துவாங்க பாருங்க, அதுக்கு மட்டும் யாரும் போன் பண்றதே இல்ல. இதயத் துடிப்புக் கோளாறுக்குன்னே வைத்தியம் பார்க்கிறவனா நான் திரும்பத் திரும்ப பார்க்கிறது இதத்தான். பயப்பட வேண்டாததுக்கு தூக்கத்த தொலைக்கிறாங்க, பயப்பட வேண்டியத கண்டுக்காம விட்டுடறாங்க.

நான் இங்க பேசறது முக்கியமா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு பண்ற அப்லேஷன பத்தி. அதாவது இதயத்தோட மேல் அறைங்க ஒழுங்கா சுருங்கி விரியாம கன்னாபின்னான்னு துடிக்கிறது. நுரையீரல்ல இருந்து ரத்தம் கொண்டு வர்ற குழாய்ங்க இடது மேல் அறையில வந்து சேருதே, அந்த இடத்துல இருந்துதான் பல பேருக்கு கோளாறான சிக்னல் கிளம்புதுன்னு பிரான்ஸ்ல போர்தோவுல இருக்கற மிஷெல் ஹைசகேர் குழு 1998-ல காமிச்சாங்க. அந்த வாய்ப்பகுதிய சுத்தி வட்டமா சூடு வச்சோ உறைய வச்சோ தழும்பாக்கிட்டா சிக்னல் வெளிய வர முடியாது, அதுதான் அப்லேஷன். இப்ப சூடும் இல்லாம குளிரும் இல்லாம ரொம்ப ரொம்ப குறைஞ்ச நேரமே இருக்கற மின்துடிப்பு குடுத்து பண்ற முறையும் வந்திருக்கு. எதுவா இருந்தாலும் நெஞ்ச திறக்கறதில்ல, தொடை இடுக்குல இருக்கற ரத்தக்குழாய் வழியா கதீட்டர்ங்கற மெல்லிசான குழாய மேல ஏத்தி பண்றோம்.

முடிஞ்சதும் கால மடக்காம சில மணி நேரம் மல்லாந்து படுத்திருக்கணும், நெறைய பேருக்கு அப்லேஷன விட இதுதான் கஷ்டமா இருக்கும். அடுத்த நாள்ல இருந்து தொடையில நீலமும் கறுப்புமா ரத்தக்கட்டு தெரியும், அது நாளாக நாளாக முழங்கால் பக்கம் இறங்கவும் செய்யும், பார்க்க பயமா இருக்கும் ஆனா அது உள்ள ஏற்கனவே கசிஞ்ச ரத்தம் கீழ எறங்கி கரையறதுதான். கவனிக்க வேண்டியது வேற. கட்டி பெருசாயிட்டே போகுதா, தொட்டா நாடி மாதிரி துடிக்குதா, கால் சில்லுன்னு மரத்துப்போகுதா, இதுல எது இருந்தாலும் உடனே வரணும். ஊசி போட்ட எடத்துல ரத்தம் கசிஞ்சா படுத்துக்கிட்டு பத்து நிமிஷம் நல்லா அழுத்திப் பிடிங்க, நின்னுடுச்சான்னு நடுவுல கைய எடுத்து எடுத்து பார்க்காதீங்க, அப்படியும் நிக்கலன்னா ஆம்புலன்ஸ கூப்பிடணும். ஒரு வாரத்துக்கு கனமான எதையும் தூக்க வேண்டாம்.

இப்ப அந்த படபடப்புக்கு வர்றேன். தோல்ல சூடு பட்டா எப்படி செவந்து வீங்கி கொஞ்ச நாள் எரியுமோ அதே மாதிரிதான் உள்ளயும், அந்த எடம் ஆறி தழும்பாகற வரைக்கும் சும்மா இருக்காது, அப்பப்ப தேவையில்லாத சிக்னல அனுப்பிக்கிட்டுதான் இருக்கும். அதனால முதல் ரெண்டுல இருந்து மூணு மாசத்துக்குள்ள ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனே திரும்ப வந்தாலும் அத நாங்க தோல்வின்னு கணக்குல எடுக்கறதில்ல. மாத்திரை குடுத்து அடக்கி வைப்போம், தேவைப்பட்டா மயக்கம் குடுத்து ஒரு ஷாக் வச்சு சரி பண்ணுவோம், அப்புறம் பல பேருக்கு தானா அடங்கிடும். அதுக்காக எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு வீட்டுலயே இருங்கன்னு சொல்லல. படபடப்போட மயக்கமோ மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தா காத்திருக்கவே கூடாது. முதல் சில நாள் மூச்ச ஆழமா இழுக்கும்போது மட்டும் நெஞ்சுல சுருக்குன்னு குத்துறது சகஜம், அது இதயத்த சுத்தி இருக்கற உறையோட எரிச்சல். அது நாளுக்கு நாள் குறையணும், கூடுச்சுன்னா காட்டிடுங்க.

இன்னொன்னு, நாடித்துடிப்பு. முன்னாடி சும்மா உக்காந்திருக்கும்போது 60, 65 இருந்தவங்களுக்கு இப்ப 75, 80 காட்டும். இதயத்த மெதுவா துடிக்க வைக்கிற நரம்பு நுனிங்க அந்த குழாய்ங்க பக்கத்துலதான் இருக்கு, அதுலயும் கொஞ்சம் சூடு பட்டிருக்கும், அதான் காரணம். பல பேருக்கு போகப் போக குறைஞ்சுடும்.

ஒருத்தர் ஸ்மார்ட்வாட்ச்ல எடுத்த ஈசிஜிய எல்லாம் பிரிண்ட் போட்டு கட்டா கொண்டு வந்தார், என்கிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போதே இன்னொரு கை நாடிய பிடிச்சிருந்துச்சு. நெஞ்சுல தொபுக்னு ஒண்ணு விழற மாதிரி இருக்குன்னார். ஒரு தாள எடுத்து பேனாவால காமிச்சேன், இங்க பாருங்க சார், சீரா போயிட்டே இருக்கு, இந்த ஒரு துடிப்பு மட்டும் அவசரப்பட்டு முன்னாடியே வந்துடுச்சு, அதுக்கப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அந்த இடைவெளியில இதயத்துல வழக்கத்த விட கூட ரத்தம் ரொம்புது, அதனால அடுத்த துடிப்பு பலமா அடிக்குது, நீங்க தொபுக்னு உணர்றது அந்த அடுத்த நல்ல துடிப்பதான். அவரு அந்த தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார். வாட்ச கழட்டி வைக்கச் சொல்லல, படபடப்பு வந்தா மட்டும் ஒரு ஈசிஜி எடுத்து வைங்க, மத்த நேரம் பார்க்காதீங்கன்னு சொன்னேன், எல்லாருக்கும் நான் சொல்றது இதுதான். பயமே துடிப்ப ஏத்தும், அத பார்த்து இன்னும் பயம் வரும்.

ரத்தம் உறையாம இருக்க குடுக்கற மாத்திரை விஷயம் இப்படி கிடையாது. சூடு வச்ச உள்தோல் புண்ணா இருக்கும், அங்க ரத்தம் உறைஞ்சு சின்ன கட்டியா கெளம்பி மூளைக்குப் போனா பக்கவாதம். அதனால யாரா இருந்தாலும் குறைஞ்சது ரெண்டு மூணு மாசம் அந்த மாத்திரைய ஒரு வேளை கூட விடக்கூடாது. அதுக்கப்புறம் தொடரணுமான்னு முடிவு பண்றது ஈசிஜி நல்லா இருக்கறத வச்சு இல்ல, உங்க வயசு, பிபி, சுகர், முன்னாடி பக்கவாதம் வந்திருக்கா, இதயத்தோட பம்பிங் எப்படி, இதயெல்லாம் வச்சுதான். ஏன்னா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உங்களுக்குத் தெரியாமலே வந்துட்டுப் போகும். ஈறுல லேசா ரத்தம் வந்துச்சு, அதான் நிறுத்திட்டேன்னு சொல்றவங்கள பார்க்கும்போது எனக்கு நெஜமாவே பதறுது, ஈறுல ரத்தம் வந்தா அத சரி பண்ணிக்கலாம், வாய் கோணி கை விழுந்துட்டா எல்லாருக்கும் திரும்ப வர்றதில்ல. பல் புடுங்கணும், வேற ஆபரேஷன் இருக்குன்னாலும் எங்கள கேட்காம நிறுத்தாதீங்க.

சில பேருக்கு ரெண்டாவது தடவை அப்லேஷன் தேவைப்படும், முதல்ல வச்ச தழும்புல எங்கயாவது இடைவெளி விட்டிருந்தா சிக்னல் அது வழியா வெளிய வரும். அத கூடியவரைக்கும் தவிர்க்க உங்க கையில இருக்கறது எடை, பிபி, தூக்கத்துல மூச்சு அடைக்கிற குறட்டை, குடி, இந்த நாலும். ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல பண்ணி 2015-ல வெளிவந்த ஒரு ஆய்வுல, எடையில 10 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைச்சவங்களுக்கு இந்த கோளாறு இல்லாம இருக்கற வாய்ப்பு மத்தவங்கள விட பல மடங்கு அதிகமா இருந்துச்சு. குறட்டை பெருசா விடறவங்க ஒரு தூக்கப் பரிசோதனை கண்டிப்பா பண்ணிக்கோங்க.

கடைசியா ஒண்ணு, இத உங்க வீட்டுல இருக்கறவங்களும் படிக்கணும். உணவுக்குழாய் இதயத்தோட இடது மேல் அறைய ஒட்டிதான் போகுது. சூடு வச்சு பண்ணவங்கள்ல ரொம்ப ரொம்ப அபூர்வமா, அப்லேஷன் முடிஞ்ச முதல் ரெண்டு மாசத்துக்குள்ள, ரெண்டுக்கும் நடுவுல ஓட்டை விழலாம், இது உயிருக்கே ஆபத்து. காரணமே தெரியாத காய்ச்சல், குளிர் நடுக்கம், முழுங்கும்போது வலி, புதுசா நெஞ்சுவலி, பேச்சு குழறுறது, ஒரு கை கால் இழுக்கறது, இதுல எது வந்தாலும் சாதா காய்ச்சல்னு மாத்திரை போட்டுட்டு படுத்துக்காதீங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உள்ள நுழைஞ்சதும் முதல்ல சொல்ல வேண்டியது, எனக்கு இந்த தேதியில அப்லேஷன் பண்ணிருக்குன்றதுதான். வாய் வழியா குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி பண்ணலாம்னு சொன்னா கொஞ்சம் நிறுத்தி, அப்லேஷன் பண்ண டாக்டர்கிட்ட ஒரு தடவை பேசுங்கன்னு சொல்லுங்க, அதுல காத்து உள்ள போனா நிலைமை ரொம்ப மோசமாயிடும், முதல்ல எடுக்க வேண்டியது நெஞ்சு சிடி ஸ்கேன். டிஸ்சார்ஜ் சம்மரிய போட்டோ எடுத்து உங்க போன்லயும் வீட்டுல இன்னொருத்தர் போன்லயும் இன்னைக்கே வச்சுக்கோங்க.