பகல் நித்திரைக்குப் பிள்ளை ஏன் மறுக்கிறது?

இரவு எட்டு மணிக்குப் பால் குடித்தபடியே கண் அயர்கிற பிள்ளை, முற்பகல் பதினொரு மணிக்கு மடியில் கிடத்தினால் முதுகை வளைத்துக் கத்துகிறது. அம்மம்மா "அடம்" என்பார், அயலில் "நாவூறு" என்பார்கள். இரண்டும் இல்லை. இரவு நித்திரைக்கு உடலில் இரண்டு துணைகள் இருக்கின்றன, பகலில் ஒன்றுதான் இருக்கிறது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிய கோட்பாட்டை 1982இல் சூரிச் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். முதலாவது, நித்திரை அழுத்தம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், உறங்கினால் குறையும். இரண்டாவது, உடலின் உட்கடிகாரம். பொழுதுபட்டதும் மெலடோனின் சுரந்து உடலை உறக்கத்துக்குத் தயார்படுத்துவது அதன் வேலை. பிறந்த பிள்ளைக்கு இந்தக் கடிகாரம் இன்னும் சரியாக ஓடத் தொடங்கியிருக்காது. இரண்டு மூன்று மாதத்தில்தான் பகல் இரவு பிடிபடும். சின்னக் குஞ்சாக இருக்கும்போது எங்கே போட்டாலும் உறங்கிய பிள்ளை, நாலு மாதமானதும் பகலில் மல்லுக்கு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பகலில் கடிகாரம் 'விழித்திரு' என்றே சொல்கிறது, பின்னேரத்தில் இன்னும் பலமாக. ஆகவே பகல் நித்திரைக்கு அழுத்தம் மட்டுமே கைகொடுக்கும். நேரம் தப்பினால் காரியமும் தப்பும்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குளத்தில் நீர் மட்டம் ஏறாமல் துருசை (மதகை) திறந்தால் வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. அளவுக்கு மேல் நிறைந்துவிட்டால் மிஞ்சிய நீர் வழிந்து வான் பாயும். பிள்ளையை நேரத்துக்கு முந்திப் படுக்க வைத்தால் உறக்கம் வராது, பிந்தினால் களைப்பு அழுகையாக மாறிவிடும். நாலு மாதப் பிள்ளை ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் விழித்திருக்கும், ஆறேழு மாதத்தில் இரண்டரை வரை போகும், ஒன்பது மாதமளவில் மூன்று. பிள்ளைக்குப் பிள்ளை இது மாறும். அதனால் மணிக்கூட்டைவிட முகத்தைப் பார்ப்பது நல்லது. விளையாட்டுச் சாமானில் இருந்து பார்வை விலகி வெறித்துப் பார்ப்பது, இமையோரம் சிவப்பது, காதைப் பிடித்து இழுப்பது, இவைதான் நேரம் வந்துவிட்டதற்கான முதல் அறிகுறிகள். முறுக்கி அழத் தொடங்கினால் பிந்திவிட்டது.

சரி, நேரம் பார்த்தும் உறங்கவில்லை என்றால்? வன்னியில் நான் முதலில் கூரையைத்தான் பார்க்கச் சொல்வேன். உறக்கம் வரும்போது உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். கை கால் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடும். சோளகம் வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம், அந்தச் சூடு எங்கே போவது? காற்றே தோலளவு சூடாக இருக்கும். தகரமும் கீழ்நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசும். ஃபேன் காற்றை அசைத்து வியர்வையை உலர்த்தும், ஆனால் அந்தக் கதிர்வீச்சை நிறுத்தாது. கிடுகு வேய்ந்த கொட்டிலோ வேப்பமர நிழலோ இந்த இடத்தில் பெரிய உதவி. தகரத்தின் மேல் கிடுகு பரப்பினாலும் வித்தியாசம் தெரியும். தொப்பி, காலுறை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மெல்லிய பருத்திச் சட்டையோடு விடுங்கள். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பிள்ளைக்குச் சூடு அதிகம். அளவுக்கு மீறிய சூடு திடீர்ச் சிசு மரணத்தோடும் தொடர்புடையது என்பதால் இதை அசட்டை செய்யவே கூடாது.

சத்தத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். தண்ணீர் மோட்டரின் ஒரே சீரான இரைச்சலுக்குப் பிள்ளை பழகிவிடும். திடீரென்று அடிக்கும் ஹோர்ன்தான் எழுப்பும்.

மடியில் உறங்கிய பிள்ளை பாயில் வைத்ததும் விழிப்பது பெரிய தொல்லை. ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 2022இல் இதை ஆராய்ந்தது. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் சீராக நடக்க வேண்டும். உறங்கிய பிறகு ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை அப்படியே வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, அப்புறம் கிடத்த வேண்டும். பிள்ளையின் இதயத் துடிப்பு கூடுவது முதுகு பாயில் படும்போது அல்ல, நம் உடலைவிட்டு விலகத் தொடங்கும்போதே. ஆகவே மெல்ல விலக்குவதில்தான் கவனம் வேண்டும்.

ஏணை ஆட்டத்துக்கும் இதே போன்ற சக்தி உண்டு. ஆடும் கட்டிலில் பெரியவர்களே விரைவாக உறங்கியதை 2011இல் ஜெனீவா ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் ஏணைக்குள் பிள்ளையின் நாடி (மோவாய்) நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை ஒடுங்கும்; சேலை முகத்தை மூடவும் கூடும். கண் பார்வையில் வைத்து ஆட்டி, உறங்கியதும் சமமான, இறுக்கமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். பக்கத்தில் தலையணை, துணிக்குவியல் எதுவும் வேண்டாம்.

நாற்பது, ஐம்பது நிமிடத்தில் விழித்துவிட்டால் ஒரு நித்திரைச் சுற்று முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். தவழப் பழகும் வாரங்களிலும், தாயைவிட்டு விலகப் பயப்படும் எட்டு மாதமளவிலும் எதிர்ப்புக் கூடும், தானாகவே தணியும். ஒன்றேகால், ஒன்றரை வயதில் முற்பகல் நித்திரையை நாள்தோறும் மறுத்தால், அது ஒரு பகல் நித்திரையோடு நிறுத்திக்கொள்ளும் பருவம். நாலு முதல் பதினொரு மாதம் வரை இரவும் பகலும் சேர்த்து 12 முதல் 16 மணித்தியாலம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு. அதற்கு வெகுவாகக் குறைந்தாலோ, குறட்டையோ காய்ச்சலோ இருந்தாலோ, பால் குடிப்பது குறைந்தாலோ கிளினிக்கில் காட்டுங்கள்.