அறை ரயிலா, தோட்ட ரயிலா: அளவோடு சேர்ந்து சுருங்காதவை

மாதிரி ரயில் அமைக்க விரும்புகிறவர்கள் முதலில் இடத்தைத்தான் அளந்து பார்க்கிறார்கள். இடம் முக்கியம்தான். ஆனால் ரயிலை எத்தனை மடங்கு சுருக்கினாலும் தூசி, வெயில், மின்தடை (மின்சார ஓட்டத்துக்கு ஏற்படும் எதிர்ப்பு) ஆகியவை அதனுடன் சேர்ந்து சுருங்குவதில்லை. அறையா தோட்டமா என்பதை முடிவு செய்யும்போது அதிகம் யோசிக்க வேண்டியது இதைப் பற்றியே என்பது என் கருத்து.

அறைக்குள் அதிகம் ஓடுபவை எச்ஓ (HO), என் (N) என்ற இரு அளவுகள். எச்ஓ 1:87 விகிதத்தில், 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடுகிறது. என் அளவு பல நாடுகளில் 1:160 விகிதத்தில் அமைகிறது, அதன் தண்டவாள இடைவெளி வெறும் 9 மி.மீ. தோட்டத்துக்கு உரியது ஜி அளவு. 1968இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் 1:22.5 விகித ரயில்களை வெளியிட்டது. அவற்றின் 45 மி.மீ. இடைவெளி, மீட்டர்கேஜ் பாதையை அந்த விகிதத்தில் சுருக்கியதாகும். 23 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி என் அளவில் 14 செ.மீ.க்குச் சற்று அதிகமாகவும், ஜி அளவில் ஒரு மீட்டரைத் தாண்டியும் இருக்கும். ஆகவே நிலையம், மலை, பாலம் என ஒரு முழு நிலப்பரப்பையே காண விரும்புகிறவருக்கு அறைதான் ஏற்றது.

எச்ஓவைவிட ஜி நீளத்தில் ஏறத்தாழ 3.9 மடங்கு பெரியது. ஒரே பொருளால் ஒரே அமைப்பில் செய்தால் எடை 58 மடங்காகும். இதனால் ஏற்றத்தில் பெரிய என்ஜின் எளிதாக ஏறிவிடும் என எண்ணுவது சரியன்று. இழுவிசை கூடுவதைப் போலவே இழுக்க வேண்டிய பெட்டிகளின் எடையும் கூடிவிடுவதால், மீட்டருக்கு 3 செ.மீ. ஏற்றம் என்பது இரண்டுக்குமே கடினம்தான். பெரிய என்ஜினின் உண்மையான ஆதாயம் வேறிடத்தில், சக்கரமும் தண்டவாளமும் தொடும் புள்ளியில் இருக்கிறது.

வழக்கமான அமைப்பில் மோட்டாருக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்தின் வழியாகவே செல்கிறது. சிறிய என்ஜினில் அந்தத் தொடுபுள்ளி கடுகைவிடச் சிறியது. அங்கே ஒரு தூசி சிக்கினால் விளக்கு மினுக்கி, வண்டி நின்றுவிடும், விரலால் லேசாகத் தள்ளினால் மறுபடி ஓடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடைத்தால் துணியில் படியும் கருங்கோடு காரணத்தைக் காட்டிவிடும். அதே தூசியைக் கனத்த ஜி என்ஜின் பெரும்பாலும் நசுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

ஆனால் வெளியே வேறு சிக்கல்கள் காத்திருக்கின்றன. பெரும்பாலான தோட்டத் தண்டவாளங்கள் பித்தளையால் ஆனவை. விடியற்காலைக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் இடையே தண்டவாளத்தின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், 10 மீட்டர் பாதை சுமார் 7.5 மி.மீ. நீளும், இணைப்புகளில் இடைவெளி விடாவிட்டால் பாதை பக்கவாட்டில் வளைந்துவிடும். இடைவெளி விட்ட இணைப்புகளோ மழையில் மங்கி மின்தடையைக் கூட்டுவதால், தொலைவில் போகப் போக ரயில் தளர்ந்து ஓடும். பாதையின் பல இடங்களில் தனிக் கம்பிகள் மூலம் மின்சாரம் கொடுப்பது இதற்கு ஒரு வழி. (அறைக்குள் இந்த அசைவு இல்லாமலில்லை, அங்கே பெரும்பாலும் ஈரப்பதத்தால் மரப்பலகைதான் நீண்டு சுருங்குகிறது.) பாதையின் அடியில் உருண்டைக் கூழாங்கற்களுக்குப் பதிலாக முனையுள்ள உடைகல்லை இட்டால், கற்கள் ஒன்றோடொன்று பிணைந்து நகராமல் நிற்கும், நீரும் வடியும்.

மின்தடைச் சிக்கலை முற்றிலும் தவிர்க்கும் வழி, என்ஜினுக்குள்ளேயோ அடுத்த பெட்டியிலோ பேட்டரியை வைத்து ரேடியோ மூலம் இயக்குவது. அப்போது தண்டவாளம் வெறும் பாதை மட்டுமே. உதிர்ந்த இலைகளைக் கூட்டிவிட்டாலே ஓட்டத் தொடங்கலாம். ஜி அளவில் இதற்குத் தாராளமாக இடம் உண்டு. என் அளவு என்ஜினிலோ மோட்டாரும் எடைக்கட்டையும் போக மிஞ்சுவது மிகக் குறைவு. தோட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் தண்டவாளம் வாங்குவதற்கு முன்பே பேட்டரியா கம்பியா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பேட்டரி என்றால், விலை குறைந்த அலுமினியத் தண்டவாளமே போதுமானது.