இரவு பத்தரைக்குச் சுடும் சுவர்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருப்பது இரண்டாம் மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். மே மாதத்தில் இரவு பத்தரை மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கி ஒரு மணி நேரமான சோற்றுப்பானையைத் தொட்ட மாதிரி இருக்கும். புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள பாகூரிலிருந்து வந்து தங்கியிருந்த அத்தை கேட்டார்: "ஏம்பா, பகல்ல எங்க ஊர்லயும் இதே வெயில்தான். ராத்திரி இங்க மட்டும் ஏன் இப்படி வேகுது?"

லூக் ஹோவர்ட் என்பவர் 200 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்துவிட்டார். மேகங்களுக்கு இன்று அறிவியலில் வழங்கும் அடிப்படைப் பெயர்களை வைத்தவர் அவர்தான். பிழைப்புக்கு மருந்து தயாரித்தார். லண்டன் நகரத்தின் வெப்பநிலையை வெளியே கிராமப்புறத்தோடு வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார். பகலில் நகரம் இம்மியளவு குளிர்ச்சியாகக்கூட இருந்தது. இரவில் சுமார் 2 டிகிரி செல்சியஸ் அதிகம். நகரம் பகலில் வாங்கிய கடனை இரவில்தான் திருப்பிக் கொடுக்கிறது. நாம் செய்தியில் பார்ப்பதோ "இன்று அதிகபட்சம் எத்தனை டிகிரி" என்பதை மட்டும்.

கடன் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பத்து அறையின் தளம், 5 அங்குல கனம். எடை கிட்டத்தட்ட 2.8 டன். பகல் வெயிலில் அது 15 டிகிரி சூடேறினால், உள்ளே சேரும் வெப்பம் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதாவது, ஒரு கிலோவாட் ஹீட்டரைத் தலைக்கு மேல் கட்டிவிட்டுப் பத்து மணி நேரம் ஓடவிடுவது போல. ஒரு பகுதி வானத்துக்குப் போகும், மிச்சம் நமக்கு. ஃபேன் போட்டால் அனல் காற்று வருகிறது என்று சொல்வது வெறும் புலம்பல் இல்லை. கூரையை ஒட்டித் தேங்கிய சூடான காற்றைத்தான் அது கீழே தள்ளுகிறது.

சுவருக்குத் தனிக் கணக்கு. 9 அங்குலச் செங்கல் சுவரைக் கடந்து உள்பக்கம் வர வெப்பத்துக்கு ஆறு, ஏழு மணி நேரம் பிடிக்கும். மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் விழுந்த வெயில், நாம் பாய் விரிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்கிறது.

பாகூரிலும் சுவர் உண்டே என்றால், அங்கே வயலும் ஏரியும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஈர மண்ணும் இலைகளும் பகல் முழுக்க இந்த வேலையைச் செய்வதால் வெயிலில் பெரும்பங்கு சேமிப்புக்கே போவதில்லை. அப்புறம் வானம். வெட்டவெளி நிலம் இரவில் தன் சூட்டை நேராக வானத்துக்கு வீசிவிடும். நம் சந்துகளில் ஒரு சுவர் வீசுவதை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. கடலூர் சாலையில் இரவு பைக்கில் நகரத்துக்குள் வந்தால் இது முகத்திலேயே தெரியும். ஊருக்கு வெளியே தவளக்குப்பம் வரை சிலுசிலுவென்று இருக்கும். முருங்கப்பாக்கம் தாண்டி மரப்பாலத்துக்கு வரும்போது காற்றே மாறிவிடும்.

கடல் பக்கத்தில் இருந்தும் ஏன்? கடல்காற்று பகலில், நிலம் கடலைவிடச் சூடாகும்போது கிளம்புவது. மே மாதம் மேற்குக் காற்று பலமாக இருந்தால் அது தாமதமாகும், சில நாள் வராமலே போகும். வந்தாலும் ஈரத்தோடு வரும், வியர்வை காயாது. தூக்கம் பிடிக்க உடம்பு கை கால் வழியாகச் சூட்டை வெளியேற்றி உள்வெப்பத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். காய வழியில்லாத வியர்வையோடு அது நடக்காது. நாம் புரண்டு படுப்பதற்குக் காரணம் மனக்கவலை என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஏசி? ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை எடுத்து, தான் தின்ற மின்சாரத்தையும் சேர்த்து ஆறரை கிலோவாட்டாக வெளியே ஊதுகிறது. பக்கத்து வீட்டு ஏசி ஊதுவது எங்கள் ஜன்னலுக்கு. அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை.

எனவே சண்டையைப் பகலிலேயே போட்டுவிட வேண்டும், அதுவும் கூரையில். புதுச்சேரியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தையொட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், நிழல் காலடியில் ஒடுங்கும். அந்தக் காலத்தில் சுவரைவிடக் கூரைக்குத்தான் அடி அதிகம். பழைய சிமெண்ட் தளம் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது. புதிதாக அடித்த சுண்ணாம்பு முக்கால் பங்கு வரை அனுப்பும். ஃபெவிகால் கலந்து இரண்டு கை அடித்தால் அந்தக் கோடைக்குத் தாங்கும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டை ஓடு பதித்தார்களே, அதுவும் இதே வேலைக்குத்தான்.

உச்சி வெயிலில் மேற்கு ஜன்னலை மூடி வையுங்கள். இரவு வெளியே குளிர்ந்ததும் ஜன்னல்களோடு மாடிப்படியின் மேல்கதவையும் திறந்து விட்டால், சூடான காற்று படி வழியாகப் புகைபோக்கியில் போவது போல ஏறிப் போய்விடும். திருட்டுப் பயம் இருந்தால் கம்பிக் கதவு போதும்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை நான் கிண்டல் செய்ததுண்டு. கணக்குப் போட்ட பிறகு செய்வதில்லை. 15 லிட்டர் பக்கெட் ஒன்று முழுக்க ஆவியானால் அதே 10 யூனிட். பாதி வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டாலும் லாபம்தான். குழாயில் ஓடவிட்டால் வடிந்துபோகும், பழைய தளமாக இருந்தால் ஒழுகும். கையால் தெளிப்பதே சரி.

சுண்ணாம்புச் செலவை யார் ஏற்பது என்று வீட்டுக்காரரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார். அதுவரைக்கும் ஆறு மணியானால் அத்தை பக்கெட்டோடு மாடி ஏறிவிடுகிறார்.